இரத்த ஓட்டமும் வரவு செலவுக் கணக்கும்

சங்கத்தின் ஏடுகளைத் தணிக்கை செய்யும்போது நாம் முதலில் பார்ப்பது வரவும் இருப்பும் செலவும் பொருந்துகின்றனவா என்பதே. இருப்பில் இருந்ததைவிடப் பன்மடங்கு நூல் ஒரே நாளில் வெளியே சென்றதாக எழுதியிருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். மனித உடலில் இரத்தம் சுற்றி வருகிறது என்னும் உண்மை வெளிப்பட்டதற்கும் இத்தகைய கேள்வி ஒன்றே பெரிதும் காரணமாயிற்று.

பண்டைய வைத்தியர் கேலனின் கொள்கையை ஐரோப்பியர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியிருந்தனர். உண்ட உணவிலிருந்து ஈரல் இரத்தத்தை உண்டாக்குகிறது. வயலில் பாய்ந்த நீர் மண்ணில் சுவறிவிடுவதுபோல், உறுப்புகள் அதை ஏற்றுத் தீர்த்துவிடுகின்றன என்பது அக்கொள்கை.

இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி இதைக் கணக்கிட்டுப் பார்த்தார். இருதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தை மிகக் குறைவாகவே மதிப்பிட்டு, அதனை அரைமணி நேரத்துத் துடிப்புகளால் பெருக்கினார். உடலில் உள்ள இரத்தம் முழுவதையும்விட அத்தொகை மிகுந்து நின்றது. அவ்வளவு இரத்தத்தை உண்டாக்கும் உணவை எவரும் உண்ண முடியாது. ஆகவே, சென்ற இரத்தமே திரும்பி வருகிறது என்று 1628ஆம் ஆண்டில் தம் நூலில் நிறுவினார்.

இன்றைய அளவைகளும் இதனை உறுதி செய்கின்றன. ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிஷத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் வீதம் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நம் உடலில் உள்ள மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவே.

இருதயத்தின் வலப்பாகம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே பிராணவாயுவைப் பெற்ற இரத்தம் இடப்பாகத்திற்கு வந்து, தமனிகள் வழியாக உடலெங்கும் செல்கிறது; பின்னர்ச் சிரைகள் வழியாக வலப்பாகத்திற்கே மீளுகிறது. தமனியையும் சிரையையும் இணைக்கும் வழியை ஹார்வி கண்ணால் கண்டாரில்லை. அவர் மறைந்த பின், 1661இல் இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடிக் கருவியால் ஆராய்ந்து, அந்த நுண்ணிய குழாய்களைக் கண்டார்.

பாதத்திலிருந்து இரத்தம் மேலேறுவது எளிதன்று. கெண்டைக்கால் தசை இறுகும்போது சிரையிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. கிணற்று மோட்டாரின் ஃபுட்வால்வு நீரைக் கீழிறங்க விடாமல் தடுப்பதுபோல், சிரையினுள் உள்ள மடல்கள் அதைத் தாங்குகின்றன. குழித்தறியில் கால் மிதிக்குந்தோறும் இவ்வேலை நடைபெறுகிறது. விசைத்தறி முன் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்போருக்கோ அது குறைகிறது. மடல்கள் தளர்ந்தால் இரத்தம் தேங்கிச் சிரை புடைத்துச் சுருளுகிறது. இதனையே மக்கள் நரம்புச் சுருட்டல் என்கின்றனர். உண்மையில் அது நரம்பன்று, சிரையே.

ஆதலின் நின்று வேலை செய்யும் அங்கத்தினர்கள் இடையிடையே சிறிது நடத்தலும், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதலும், ஓய்வின்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தலும் நன்று. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். அது சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கொடுத்த கடன் திரும்பி வந்தால்தான் சங்கம் மறுபடியும் கடன் கொடுக்க இயலும். இருதயத்தின் நிலையும் அதுவே. திரும்பி வரும் இரத்தத்தைத்தான் அது மீண்டும் அனுப்ப முடியும்.