கடிக்கிற குட்டி, நனைகிற தரை

ராஜபாளையமோ லாப்ரடாரோ, நாய்க்குட்டி வந்த வீட்டில் முதலில் பலியாவது செருப்புதான். அடித்துப் பயனில்லை. சுமார் மூன்றாம் மாதத்திலிருந்து 28 பால்பற்களும் ஒவ்வொன்றாக விழுந்து, 42 நிரந்தரப் பற்கள் முளைக்கின்றன. ஈறு குறுகுறுக்கும்போது குட்டி எதையாவது மென்றே தீரும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் இதமாக இருக்கும். விழுங்கிவிடாமல் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கையைக் கவ்வினால், கத்தாமல் விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்துவிடலாம்.

அடுத்த தலைவலி, சிறுநீர். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே ஒரே இடத்துக்கு அழைத்துப் போங்கள். காரியம் முடிந்த நொடியே, அங்கேயே தின்பண்டம்; வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. தரையில் போனதற்காக மூக்கைத் தேய்த்தால், கட்டிலுக்கடியில் ஒளிந்து போகத்தான் கற்றுக்கொள்ளும். (தாத்தாக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!) அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கவும் வேண்டாம். அந்த நெடி சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால், குட்டி மறுபடி அதே மூலைக்கு வரும்.

ராத்திரி அழுகிறதா? முதல் சில நாள் அதன் படுக்கையை உங்கள் கட்டிலருகே போடுங்கள்.

கடைசியாக, கடி பற்றி ஒன்று: விளையாட்டில் பல் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.