கல்லூரி நூலகத்தில் சாட் சேவை: 10 பயனுள்ள குறிப்புகள்

வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் நான்காவது. விடுதியில் இருந்தபடி ஆய்வேடு எழுதும் மாணவருக்கு அந்த நேரத்தை மிச்சப்படுத்த எளிய வழி, நூலக இணையதளத்தில் ஒரு சாட் பெட்டி. தொடங்கவிருக்கும் நூலகர்கள் கவனிக்க வேண்டியவை இங்கே.

1. ஆள் இருக்கும் நேரத்தை மட்டும் அறிவியுங்கள். தினமும் மாலை இரண்டு மணி நேரம் தவறாமல் நடந்தாலே போதும். மற்ற நேரத்தில் வரும் கேள்வி மின்னஞ்சலுக்குப் போகும்படி அமைத்துவிடுங்கள்.

2. சாட் பெட்டியை முகப்பில் மட்டும் வைத்தால் போதாது. நூற்பட்டியலில் தேடி ஒன்றும் கிடைக்காத பக்கத்திலும், மின்னிதழ்கள் பக்கத்திலும் வையுங்கள். மாணவர் திணறுவது அங்கேதான்.

3. கேள்வி வந்த ஒரு நிமிடத்துக்குள் வணக்கம் சொல்லிவிடுங்கள். விடை பிறகு வரலாம். எதிரில் ஆள் இருப்பது உடனே தெரிய வேண்டும்.

4. விடை சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். “சாயம் பத்தி புக் இருக்கா?” என்று ஒரு மாணவி கேட்கிறார். “எதற்காக வேண்டும்?” என்றால், திருப்பூர் சாயக்கழிவு நொய்யலைப் பாதித்தது பற்றிய புராஜெக்ட் என்பார். அவருக்கு வேண்டியது வேதியியல் பாடநூல் அல்ல, சுற்றுச்சூழல் ஆய்வுக் கட்டுரைகள்.

5. தேட நேரமாகும் என்றால் சொல்லுங்கள். “ஐந்து நிமிடம் பார்க்கிறேன், இருங்கள்” என்ற ஒரு வரி போதும், மாணவர் காத்திருப்பார்.

6. இணைப்பை மட்டும் அனுப்பாமல் வழியையும் சொல்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் பல்கலைக்கழகம், துறை வாரியாகத் தேடலாம். ஆய்வேட்டின் ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப் கோப்பாக இருக்கும். இதைச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை அவரே எடுத்துக்கொள்வார்.

7. “கட்டுரையைத் திறந்தால் பணம் கட்டச் சொல்கிறது” என்ற கேள்வி அடிக்கடி வரும். அரசுக் கல்லூரி என்றால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அந்த இதழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அதில் அடங்கும்.

8. மாணவர் எழுதும் மொழியிலேயே பதில் எழுதுங்கள். தமிழில் கேட்டால் தமிழில். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்து கேட்டாலும் திருத்த வேண்டாம். மொழிக்குக் கூச்சப்பட்டே பல முதல் தலைமுறை மாணவர்கள் கவுன்டருக்கு வருவதில்லை.

9. பெயர், செல்பேசி எண், பதிவு எண் எதையும் கட்டாயமாக்காதீர்கள். உரையாடலைச் சேமித்தால் அடையாளங்களை நீக்கிவிட்டுச் சேமியுங்கள். யார் என்ன படிக்கிறார் என்பது அவரது சொந்த விஷயம்.

10. மாதம் ஒருமுறை பழைய உரையாடல்களைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு இணையதளத்தில் விளக்கம் சேருங்கள். பலர் கேட்டும் இல்லாத புத்தகத்தை வாங்கும் பட்டியலில் சேருங்கள்.

இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். கட்டணமில்லாத சாட் மென்பொருள்கள் உண்டு. ஒரு கணினியும், பொறுமையாகப் பதில் சொல்லும் ஒருவரும் இருந்தால் இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். தொடங்குங்கள், நூலகர்களே!