மூடுபனிக் காட்டில் ஆழம் பிடிக்க

கொடைக்கானலில் பனி இறங்கிய காலையில் சோலைக்காட்டுக்குள் நின்று பார்த்தால் மரங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். அதையே படமெடுத்து வீட்டுக்கு வந்து பார்த்தால் பல சமயம் சாம்பல் நிறச் சுவர்தான் மிஞ்சும். இரண்டு கண்ணால் பார்த்த இடத்தை ஒற்றை லென்ஸ் தட்டையாக்கிவிடுகிறது. அந்த ஆழத்தை மீட்க நம் கையில் இருக்கும் பெரிய துணை பனிதான். கிட்டத்து மரம் கறுப்பு, அடுத்தது சாம்பல், அதற்கும் பின்னால் இருப்பது வெறும் சாயல். தூரத்து மலைகளை வெளிறிய நிறத்தில் தீட்டிய லியொனார்டோ டா வின்சி கையாண்டதும் இதே உத்திதான்.

செய்ய வேண்டியவை

• மரங்களைப் பிரித்து நிறுத்துங்கள். ஒரு அடிமரம் இன்னொன்றை மறைத்தால் படத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்தால் நடுவே கீற்றளவு வெள்ளை தெரியும்; அந்தக் கீற்றுதான் ஆழம். எனவே ட்ரைபாடை விரிப்பதற்கு முன்னால், கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். பைன் காட்டில் மரங்கள் வரிசையாக நடப்பட்டவை என்பதால் இது எளிது. சோலையில் கிளைகள் கோணல்மாணலாகப் பின்னிக் கிடக்கும், பொறுமை வேண்டும்.

• முன்னால் ஒரு பொருளை வையுங்கள். பாசி படர்ந்த கிளையோ மரப்பெரணியின் ஓலையோ ஒரு மீட்டர் தூரத்தில் இருக்க, 24 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பார்ப்பவர் படத்துக்குள் நுழைய வாசல் கிடைக்கும். அடுக்குகள் மட்டும் போதும் என்றால் 70–200 லென்ஸ்.

• எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். வெண்பனியைக் கண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும்.

• வெளிச்சத்தை நோக்கி எடுங்கள். சூரியன் ஒரு அடிமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கதிர்கள் பனியில் கோடு கோடாக விழும், மரங்களின் விளிம்பும் துலங்கும்.

• ஒரு கண்ணுக்கு ஒன்றாக இரட்டைப் படம் எடுத்துப் பாருங்கள். இப்படி இரு படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டி ஆழம் தரும் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவியைச் சார்லஸ் வீட்ஸ்டன் விவரித்தது 1838-ல். புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அடுத்த ஆண்டில்தான். அவ்வளவு பழைய வித்தை இது, ஆனால் காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வித்தை எனக்குத் தெரியவில்லை. இடது காலில் எடையைப் போட்டு ஒரு படம், வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். நம் கண்களுக்கிடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர். மிகக் கிட்டத்தில் உள்ள பொருளின் தூரத்தை முப்பதால் வகுத்து, அந்த அளவு நகர்வது பழைய கணக்கு: கிளை 3 மீட்டரில் இருந்தால் 10 சென்டிமீட்டர். போகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிட்டு எடுங்கள்.

சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் படமாகவும் இதை மாற்றலாம். இடது கண்ணுக்குச் சிவப்பு. பனிக்காட்டில் நிறமே குறைவு என்பதால் இந்த முறையில் இழப்பதற்கு அதிகம் இல்லை. பூத்து நிற்கும் ரோடோடென்ட்ரான் மட்டும் விதிவிலக்கு. அந்தச் சிவப்பு ஒரு கண்ணுக்கு வெளிச்சமாகவும் மறு கண்ணுக்கு இருட்டாகவும் தெரிந்து உறுத்தும். அப்படிப்பட்ட படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• எடிட்டிங்கில் பனியைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரைப் படம் முழுக்க இழுக்காதீர்கள். ஆழத்தைத் தந்ததே பனி. அதைத் துடைத்துவிட்டுப் பளிச்சென்று இருக்கிறது என்று மகிழ்வதில் பொருளில்லை. கான்ட்ராஸ்ட் வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் மரத்துக்கு மட்டும் கொடுங்கள், பின்னால் போகப் போகக் குறையுங்கள். ஷார்ப்பனிங்குக்கும் இதுதான் விதி.

• இரட்டைப் படத்தில் கேமராவை உள்பக்கமாகத் திருப்பாதீர்கள். இரண்டு தடவையும் நேராகவே பார்க்க வேண்டும். திருப்பினால் ஓரத்து மரங்கள் ஒரு படத்தில் உயரமாகவும் மற்றதில் குட்டையாகவும் விழும், பார்ப்பவருக்குத் தலை வலிக்கும்.

• காற்றடிக்கும்போது இரட்டைப் படம் வேண்டாம். இரண்டு கிளிக்குக்கு நடுவே இலை அசைந்தாலோ பனி நகர்ந்தாலோ இரு கண்களும் வெவ்வேறு காட்டைப் பார்க்கும். ஒரே மாதிரி கேமரா இரண்டு இருந்தால் ஒரு பட்டையில் பூட்டி, ஒரே நேரத்தில் அழுத்தலாம்.

• எதிர்மலையை மட்டும் வைத்து இரட்டைப் படம் எடுக்காதீர்கள். ஆறரை சென்டிமீட்டர் நகர்வு அவ்வளவு தூரத்தில் எதையும் மாற்றாது.

• ஆட்டோபோகஸை நம்பி வெள்ளைப் பரப்பைக் குறிவைக்காதீர்கள். ஏதாவது ஒரு அடிமரத்தின் விளிம்பைப் பிடியுங்கள்.

• குளிரில் நனைந்த கேமராவை அறைக்குள் கொண்டுபோன உடனே பையிலிருந்து எடுக்காதீர்கள். வெதுவெதுப்பான காற்று பட்டதும் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

• முன்புறம் அழகாக அமைய வேண்டும் என்று பெரணியை ஒடிக்காதீர்கள், பாசியை மிதிக்காதீர்கள். சோலை வெட்டுப்பட்டால் திரும்ப வளர்வது மிக மெதுவாகத்தான். மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.

• பேரிஜம் ஏரிப் பக்கம் போவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். அடர்ந்த பனியில் சில அடி தள்ளி நிற்கும் காட்டுமாடுகூடக் கண்ணில் படாது. வியூஃபைண்டரில் கண் இருந்தாலும் காது காட்டில் இருக்கட்டும்.