சார்ஜரில் என்ன எழுதியிருக்கிறது?

இன்று கூலி வேலைக்கு ஆள் கூப்பிடுவது போனில்தான். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் போனில்தான் வருகிறது. ஊரில் இருக்கும் பிள்ளையின் குரலும் போனில்தான் கேட்கிறது. சார்ஜ் இறங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும்.

போன் வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். சார்ஜர் வாங்கும்போது அப்படிச் செய்வதில்லை. போனின் துளையில் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். பொருந்தினால் காசைக் கொடுத்துவிடுகிறோம். அது போதுமா?

சார்ஜர் செய்யும் வேலை

வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கில் வருவது 230 வோல்ட் மின்சாரம். அது உயிரையே பறிக்கும். சாதாரணமாகப் போனுக்குத் தேவைப்படுவது 5 வோல்ட்தான். 230-ஐ 5 ஆகக் குறைப்பது அந்தச் சின்னப் பெட்டி. வீட்டு மின்சாரம் முன்னும் பின்னும் திசை மாறி ஓடும். அதை ஒரே திசையில் ஓட வைப்பதும் அந்தப் பெட்டிதான்.

நல்ல சார்ஜரின் உள்ளே 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் தனித்தனியாக விலக்கி வைக்கப்பட்டிருக்கும். மட்டமான சார்ஜரில் இரண்டும் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். நடுவில் உள்ள தடுப்பு ஒருநாள் கெட்டால் என்ன ஆகும்? 230 வோல்ட் ஒயர் வழியாகப் போனுக்கு வரும். போனைப் பிடித்திருக்கும் கைக்கும் வரும்.

முனைகள் பல வகை

பழைய பட்டன் போன்களுக்கு வட்டமான ஊசி முனை இருந்தது. நோக்கியா போனில் முதலில் தடித்த ஊசி. பிறகு மெல்லிய ஊசி. மற்ற கம்பெனிகளுக்கு வேறு வேறு. போன் மாறினால் சார்ஜரும் குப்பைக்குப் போகும்.

பிறகு மைக்ரோ யூ.எஸ்.பி. முனை வந்தது. இது தட்டையாக இருக்கும். ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் குறுகல். ஒரே வாக்கில்தான் நுழையும். இருட்டில் தலைகீழாக வைத்து அழுத்தினால் போனின் துளை கெட்டுவிடும். பல பட்டன் போன்களில் இன்றும் இந்த முனைதான்.

2014-இல் டைப் சி முனை வந்தது. இது நீள்வட்டமாக இருக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையும். இப்போது வரும் ஸ்மார்ட் போன்களில் பெரும்பாலும் இதுதான். ஆப்பிள் கம்பெனி 2012 முதல் ஐபோனுக்கு லைட்னிங் என்ற தனி முனையை வைத்திருந்தது. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் அதுவும் டைப் சி-க்கு மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கும் புதிய போன்களுக்கு டைப் சி கட்டாயம். நம் நாட்டிலும் இந்திய தர நிர்ணய அமைவனம் டைப் சி-க்கான தரத்தை வெளியிட்டுள்ளது.

முனை ஒன்றாகிவிட்டது நல்லதுதான். ஆனால் முனை ஒன்றாக இருப்பதால் சார்ஜர் எல்லாம் ஒன்றாகிவிடாது.

மூன்று எழுத்துகள்

உங்கள் வீட்டுச் சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று இன்புட். சுவரிலிருந்து சார்ஜர் வாங்குவது. அதில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். மற்றொன்று அவுட்புட். சார்ஜர் போனுக்குக் கொடுப்பது. நமக்கு முக்கியம் அவுட்புட்.

அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். கீழ்ப்பக்கம் கூராக இருந்தால் அது வோல்ட். மேல்பக்கம் கூராக, நடுவில் குறுக்குக் கோட்டுடன் இருந்தால் ஆம்பியர். வோல்ட் எழுத்து இரண்டைச் சேர்த்து எழுதியது போல இருந்தால் வாட். இந்த மூன்றும் தெரிந்தால் எந்தச் சார்ஜரையும் படித்துவிடலாம்.

வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டியின் உயரம் போல. உயரம் கூடினால் தண்ணீர் வேகமாகத் தள்ளும். ஆம்பியர் என்பது குழாயில் வரும் தண்ணீரின் அளவு போல. இரண்டையும் பெருக்கினால் வாட். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 5 வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட்.

"பெரிய சார்ஜர் போட்டால் போன் வெடிக்கும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆம்பியர் கூடுதலாக இருப்பதால் கெடுதல் இல்லை. போன் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வோல்ட்தான் மாறக்கூடாது. வேகச் சார்ஜர்களில் 5 வோல்ட், 9 வோல்ட் என்று இரண்டு மூன்று அளவுகள் போட்டிருக்கும். அவை முதலில் 5 வோல்ட்தான் கொடுக்கும். போன் கேட்டால் மட்டுமே ஏற்றும். ஆனால் செட்டாப் பெட்டியின் ஊசிச் சார்ஜர் பெரும்பாலும் 12 வோல்ட். எமர்ஜென்சி விளக்கின் ஊசிச் சார்ஜர் வேறு அளவு. இவற்றை மாற்றி மாற்றிச் செருகக்கூடாது. கேட்டுக் குறைக்க அவற்றுக்குத் தெரியாது.

ஆம்பியர் குறைந்தால் நேரம்தான் கூடும். பட்டன் போனின் பேட்டரி சுமார் 1000 எம்.ஏ.எச். இருக்கும். பல ஸ்மார்ட் போன்களில் 5000. அதாவது ஐந்து மடங்கு. 1 ஆம்பியர் சார்ஜரில் அது நிரம்ப ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒயர் மட்டமாக இருந்தாலும் நேரம் கூடும். சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். பலர் நல்ல பெட்டியைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு அடையாளங்களைத் தேடுங்கள். ஒன்று, சதுரத்துக்குள் சதுரம். உள்ளே இரட்டைப் பாதுகாப்பு உண்டு என்பது அதன் பொருள். மற்றொன்று, தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை. அதோடு ஆங்கில ஆர் எழுத்தும் 8 இலக்க எண்ணும் இருக்கும்.

கடையில்

பெங்களூருவில் பூ விற்கும் ஓர் அம்மா. கற்றல் மையத்தில் படித்தவர். பூ வாங்குபவர்கள் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். பணம் வந்ததா என்று பார்க்கப் போனில் சார்ஜ் வேண்டும். ஒருநாள் அவருடைய பழைய சார்ஜர் கெட்டுவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டு நடைபாதைக் கடைக்குப் போனார்.

"இந்தாங்கம்மா, நூறு ரூபாய். எல்லாப் போனுக்கும் போடும்" என்றார் கடைக்காரர்.

அம்மா திருப்பிப் பார்த்தார். "அவுட்புட் எங்கே தம்பி போட்டிருக்கு?"

"அதையெல்லாம் யாரும்மா பாக்கிறாங்க? நல்லா ஏறும்."

"என் பழையதைப் பாரு. 5 வோல்ட், 2 ஆம்பியர்னு இருக்கு. ஆர் நம்பர் இருக்கு. இதுல ஒண்ணுமே இல்லையேப்பா."

கடைக்காரர் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து வேறொன்றை எடுத்தார். "இதுல எல்லாம் இருக்கு. பில்லும் உண்டு. முன்னூத்தி ஐம்பது."

அன்றாடம் சம்பாதிப்பவருக்கு 350 ரூபாய் சிறிய தொகை இல்லை. அம்மா சற்று யோசித்தார். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகுதான் வாங்கினார்.

போலி முத்திரையும் அச்சடிக்க முடியும். அதனால் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த ஆர் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த எண் என்று தெரிந்துவிடும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதற்கு உதவுவார்கள்.

சார்ஜ் ஏறும்போது போன் இளஞ்சூடாவது இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் உடனே சுவிட்சை அணைத்துக் கழற்றுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சூடு வெளியேற வழி இருக்காது. ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். மழையில் நனைந்த போன் காயும்வரை பொறுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடக்கூடாது. ஒயரின் தோல் கிழிந்து உள்கம்பி தெரிந்தால் டேப் சுற்றி ஓட்டாதீர்கள். புது ஒயர் வாங்குங்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். பொருள் சரியில்லை, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். பேசும்போது பில்லும் சார்ஜரும் கையில் இருக்கட்டும்.