நன்மங்கலம்: வெறும் புதர்னு சொல்லாதீங்க

மேடவாக்கம் பக்கம் பஸ்ல போறப்ப நன்மங்கலம் காப்புக்காடு கண்ணுல படும். "இதெல்லாம் காடா, வெறும் முள்ளுப்புதர்"னு நினைச்சிருப்பீங்க. அப்படி நினைக்கிற இடத்துலதான் குப்பையும் வந்து விழுது.

நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துல மழையோட பெரும்பங்கு அக்டோபர்–டிசம்பர்லயே முடிஞ்சிடும். மீதி மாசத்தைத் தாங்கணும்னா செடி குட்டையா, முள்ளோட இருந்தாத்தான் சரி. ஊட்டியோட ஒப்பிடாதீங்க.

காடு சுமார் 320 ஹெக்டேர்தான். உள்ளே கைவிடப்பட்ட கல்குவாரி ஒண்ணு. அந்தப் பாறை இடுக்குல கொம்பன் ஆந்தை குடியிருக்கு. மனுஷன் வெட்டின பள்ளம் அதுக்கு வீடு! ஆந்தைச் சிறகோட முன்விளிம்புல சீப்புப் பல் மாதிரி வரிசை உண்டு. அது காத்தை உடைச்சு இறக்கைச் சத்தத்தைக் குறைக்கும். ஜப்பானோட 500 வரிசை ஷின்கான்சென் ரயில்ல, மின்கம்பியைத் தொடுற பான்டோகிராஃப் இரைச்சலைக் குறைக்க இந்த உத்தியைத்தான் எடுத்துக்கிட்டாங்க. (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை இப்படி ஆரம்பிச்சிருந்தா நாமளும் முழிச்சிருந்திருப்போம்.)

வனத்துறை அனுமதி வாங்கிட்டு, விடியற்காலையில போங்க. நிறைய நடக்க வேணாம். ஒரே இடத்துல இருபது நிமிஷம் உட்காருங்க. முதல்ல போர் அடிக்கும். நம்மளைப் பார்த்து அடங்கின பறவைங்க அப்புறம்தான் குரல் கொடுக்கும். அதுவரைக்கும் முள்ளைப் பாருங்க: களாவோடது நேரா நிக்கும், சூரையோடது கொக்கியா வளைஞ்சு சட்டையைப் பிடிக்கும்.

ஆந்தை தெரிஞ்சா கிட்டப் போகாதீங்க. இடத்தைக் குறிச்சு ஸ்டோரி போடவே போடாதீங்க. மாந்திரீகத்துக்குன்னு ஆந்தை பிடிக்கிறவங்க இன்னைக்கும் இருக்காங்க, அதுவும் தீபாவளி சமயத்துல அதிகம்.