கட்டியில் ஊசி போட்டால் புற்றுநோய் பரவுமா?

உடம்பில் வரும் கட்டி எல்லாமே புற்றுநோய் இல்லை. ஆனால் தொட்டுப் பார்த்தோ, ஸ்கேன் எடுத்தோ மட்டும் பெரும்பாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டியிலிருந்து கொஞ்சம் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதுதான் பயாப்ஸி. தமிழில் திசுப் பரிசோதனை.

எடுக்கும் முறைகள்:
1. மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் உறிஞ்சி எடுப்பது.
2. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் குச்சி மாதிரி சின்னத் துண்டு எடுப்பது.
3. அறுவை செய்து கட்டியில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ எடுப்பது.

துண்டை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் சுமார் 250-இல் ஒரு பங்கு மெல்லிசாகச் சீவுவார்கள். நாம் வெங்காயத் தோலுக்குச் சாயம் போட்டோமே, அதுபோல இதற்கும் போடுவார்கள். உட்கரு நீலமாகவும் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். புற்றுநோய் செல் என்றால் பெரும்பாலும் உட்கரு பெரிசாக, கோணல்மாணலாக இருக்கும்.

ரத்தத்தில் டியூமர் மார்க்கர் என்ற பொருள்களையும் அளப்பார்கள். சினைப்பைக்கு சி.ஏ.125, கல்லீரலுக்கு ஏ.எஃப்.பி. ஆனால் காசநோய் இருந்தாலும் சி.ஏ.125 கூடலாம். அதனால் இதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு செய்வதில்லை. சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க இது ரொம்ப உதவும்.

எங்கள் தெருவில் ஒரு அத்தை, மார்பில் கட்டி வந்தும் "ஊசி குத்தினா பரவிடும்"னு பயந்து ஆறு மாசம் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. கட்டி பெரிசானதுதான் மிச்சம். ஊசியால் பரவுவது மிக மிக அரிது. தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

தோழிகளே, வலிக்காத கட்டிதானே என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் விடாதீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். முளையிலேயே கிள்ளுவோம்!