பழைய புல்டோசருக்குள் பாஸ்கல்

மாணவர்களே, செம்பனைத் தோட்டத்துப் பக்கம் வீடு உள்ளவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து ஓய்ந்த மண் சாலையில் லாரி ஒன்று சக்கரம் புதைந்து நிற்கும். அதை இழுத்து வெளியே போட, சாயம் போன பழைய சிறிய புல்டோசர் ஒன்று வரும். லாரி புதைந்த அதே சேற்றில் அது மட்டும் புதைவதில்லை. ஏன்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புல்டோசரின் பொருண்மை 6,000 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 60,000 நியூட்டன். தரையில் படியும் சங்கிலிப் பட்டை ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 0.3 மீட்டர் அகலம். இரண்டும் சேர்ந்து 1.2 சதுர மீட்டர். விசையைப் பரப்பளவால் வகுத்தால் 50 கிலோபாஸ்கல். இப்போது 60 கிலோகிராம் பொருண்மை உள்ள ஒருவர் நடக்கிறார். ஒரு பாதம் மட்டும் தரையில் இருக்கும் நொடியில், பாதத்தின் பரப்பு 0.015 சதுர மீட்டர் என்றால், அழுத்தம் 40 கிலோபாஸ்கல். ஆறு டன் இரும்பும் ஒரு மனிதரும் மண்ணை ஏறத்தாழ ஒரே அளவில்தான் அழுத்துகிறார்கள்! கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் பெஞ்சமின் ஹோல்ட் 1904ஆம் ஆண்டில் நீராவி டிராக்டருக்குச் சக்கரத்துக்குப் பதிலாகப் பட்டையை மாட்டிப் பார்த்ததும், அங்குள்ள இளகிய மண்ணில் சக்கரங்கள் புதைந்துகொண்டே இருந்ததால்தான்.

ஆனால், பழைய புல்டோசர் வைத்திருப்பவருக்குத் தீராத செலவு வைப்பதும் இந்தப் பட்டைதான். சைக்கிள் சங்கிலியைப் போலவே இதிலும் கண்ணிகளை இணைப்பது ‘பின்’ என்னும் தடித்த எஃகு அச்சு. அதைச் சுற்றி ‘புஷ்’ என்னும் எஃகுக் குழல் இருக்கும். மணலில் உள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. அது இடுக்கில் புகுந்து இரண்டையும் அரைத்துக்கொண்டே இருக்கும். ஓர் இணைப்பில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால், 35 இணைப்புகளில் 35 மில்லிமீட்டர். “செயின் நீண்டுபோச்சு” என்று பட்டறையில் சொல்வார்கள். இரும்பு நீளவில்லை, இடைவெளிகள்தாம் கூடியிருக்கின்றன. தேய்மானம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் விழும். அதனால் பின்னையும் புஷ்ஷையும் வெளியே எடுத்து, அரைச் சுற்று திருப்பி, மீண்டும் பொருத்துவார்கள். தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பழுதுபார்ப்பு இது. பழையதே புதியதாகிறது!

பட்டை தொய்ந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். அளவுக்கு மேல் இறுக்கினால் உராய்வு கூடி, தேய்மானம் இன்னும் வேகமாகும். ஆகவே மேல்பக்கம் நேரான கம்பி ஒன்றை வைத்து, பட்டை எவ்வளவு தொங்குகிறது என்று அளப்பார்கள். சரியான அளவு அந்தந்த இயந்திரத்தின் கையேட்டில் இருக்கும். பல்சக்கரத்தில் சேறு அப்பியிருந்தால் பட்டை தானாகவே இறுகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இறுக்குவது எப்படி? இங்கேதான் பாஸ்கல் வருகிறார். படிவம் ஐந்து இயற்பியலில் ‘தெக்கானான்’ பாடத்தில் படிப்பீர்களே, அவரேதான். பல இயந்திரங்களில் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஓர் உருளையும் பிஸ்டனும் இருக்கும். கையால் அழுத்தும் கிரீஸ் பம்பால் அதற்குள் கிரீஸை ஏற்றினால், பிஸ்டன் முன்சக்கரத்தைத் தள்ளும். பட்டை இறுகும். பம்பின் சிறிய பிஸ்டன் 50 சதுர மில்லிமீட்டர், உருளையின் பிஸ்டன் 5,000 சதுர மில்லிமீட்டர் என்று கொள்வோம். கைப்பிடியில் 50 நியூட்டன் கொடுக்கிறீர்கள். நெம்புகோல் அதைப் பத்து மடங்காக்கி 500 நியூட்டன் ஆக்குகிறது. உருளையில் அது 50,000 நியூட்டன்! ஏறத்தாழ ஐந்து டன் பாரத்தைத் தூக்கும் விசை. உராய்வால் கொஞ்சம் குறையும், அவ்வளவே.

இந்த விசை, பம்பைக் கழற்றிய பிறகும் உள்ளேயேதான் இருக்கும். எஞ்சினை அணைத்தாலும் இருக்கும். எனவே பட்டையைத் தளர்த்தும்போது அடைப்புத் திருகை மெதுவாக, கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் திருப்ப வேண்டும். முழுவதும் கழற்றினால் அது தோட்டாவைப் போலப் பாயும். அதற்கு நேர் எதிரே முகத்தை வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. பின்னால் அழுத்தி வைக்கப்பட்டுள்ள பெரிய சுருள்வில்லை, தக்க கருவி உள்ள பட்டறையைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

மண் தள்ளும் தகட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெயும் இப்படித்தான். 14 மெகாபாஸ்கல் என்றால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 140 மடங்கு. தூக்கிய தகட்டைத் தாங்கி நிற்பது குழாயில் அடைபட்ட எண்ணெய் மட்டுமே. ஆகையால் எந்த வேலைக்கும் முன்னால் தகட்டைத் தரையில் இறக்குவார்கள். எஞ்சினை அணைத்த பின், கையேட்டில் உள்ளபடி நெம்புகோல்களை அசைத்து மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றுவார்கள்.

என் மாமா தோட்டத்தில் புல்டோசர் ஓட்டியவர். ஒரு நாள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய்க் குழாய் எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். முள் குத்தியது போல இருந்ததாம். துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். இரவில் கை வீங்கியது. ஊசி முனையளவு துளையிலிருந்து பாய்ந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போயிருந்தது. ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. இத்தகைய காயம் முதலில் வலிக்காமலே இருக்கலாம். அப்படி இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உள்ளே போய்விட்டது” என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஓர் அட்டைத்துண்டு போதும். அதைத் தள்ளிப் பிடித்து நகர்த்தினால் ஈரம் பட்டுக் காட்டிக்கொடுக்கும்.

டீசல் தீர்ந்து நின்ற இயந்திரம், மீண்டும் டீசல் ஊற்றினாலும் கிளம்பாததற்கும் காரணம் இதே பாடத்தில் இருக்கிறது. குழாயில் காற்று புகுந்துவிட்டது. திரவம் அமுங்காமல் அழுத்தத்தைக் கடத்தும். காற்றோ அமுங்கிக்கொள்ளும். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும்.

உங்களுக்கு ஒரு கணக்கு. கிரீஸ் பம்பை ஒரு முறை அழுத்தினால் 1 கன சென்டிமீட்டர் கிரீஸ் போகிறது. மேலே சொன்ன உருளையின் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர, எத்தனை முறை அழுத்த வேண்டும்?